மைல்ஸ் ஸ்டாண்டிஷின் முன்னோர் யார்? உயிலில் உள்ள ஒரு வாக்கியத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கொடிவழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மருமகன் மாசசூசெட்சில் பிறந்து வளர்ந்தவர். 1620-இல் இங்கிலாந்திலிருந்து மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்கா சென்று, அங்கே பிளிமத் குடியேற்றத்தின் படைத்தலைவராக இருந்த மைல்ஸ் ஸ்டாண்டிஷின் வழிவந்தவர்கள் தாங்கள் என்று அவருடைய தாய்வழிக் குடும்பத்தில் நெடுநாளாக ஒரு பேச்சு உண்டு. பேரக்குழந்தைகளுக்காக ஒரு கொடிவழிப் படம் வரைந்து வைக்கலாம் என்று நான் விளையாட்டாகத் தொடங்கிய வேலை, இப்போது இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு நிறுவனம் எனக்கு அனுப்பிய படத்தில், ஸ்டாண்டிஷின் தந்தை, பாட்டன், பூட்டன் என்று எல்லாப் பெட்டிகளும் நிரம்பியிருந்தன. எந்தப் பெட்டிக்கும் சான்று காட்டப்படவில்லை. கேட்டதற்கு, "உயிலிலேயே எழுதியிருக்கிறதே" என்று பதில் வந்தது. ஸ்டாண்டிஷின் உயிலைத் தேடிப் படித்தேன். ஆம்ஸ்கர்க், பர்ஸ்கோ, ரைட்டிங்டன், மாட்ஸ்லி, நியூபரோ, கிராஸ்டன் ஆகிய ஊர்களிலும் மேன் தீவிலும் சட்டப்படியான வாரிசுரிமையால் தமக்கு வரவேண்டிய நிலங்களைத் தம் மகன் அலெக்சாண்டருக்கு எழுதிவைப்பதாகவும், அந்நிலங்கள் தம்மிடமிருந்து கள்ளத்தனமாகத் தடுத்து வைக்கப்பட்டுள்ளன என்றும், தம் பூட்டனார் ஸ்டாண்டிஷ் ஊரைச் சேர்ந்த ஸ்டாண்டிஷ் குடும்பத்தின் இரண்டாவது அல்லது இளைய சகோதரர் என்றும் அதில் அவர் சொல்கிறார். பூட்டனாரின் பெயர் இல்லை, பாட்டனாரின் பெயர் இல்லை, தந்தையின் பெயரும் இல்லை. அப்படியிருக்க, மூன்று பெட்டிகளும் எப்படி நிரம்பின? இங்கிலாந்தின் பழைய ஆவணங்களில் பழக்கமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பழையஏடு எழுதியது:

கொடிவழி ஐயாவுக்கு வணக்கம். அந்தப் பெட்டிகள் எப்படி நிரம்பின என்பதற்கு விடை எளிது: யாரோ ஒருவர் ஊகித்து எழுதியதை இன்னொருவர் படியெடுத்தார், நூறு பேர் படியெடுத்ததும் அது சான்றாகிவிட்டது. அதை ஒதுக்கிவிட்டு உயிலுக்கே வருவோம்.

அந்த உயில் தாம் இழந்ததாகக் கருதிய ஒரு சொத்துக்காக ஒருவர் எழுதிவைத்த உரிமைக்கோரிக்கை. அவர் காலத்து எழுத்தர் எவரும் சரிபார்த்துப் பதிந்த வரலாறு அன்று. அவர் அந்த நிலங்களை ஒருநாளும் ஆண்டு அனுபவித்ததில்லை. மகன் அலெக்சாண்டருக்கும் அவை கிடைக்கவில்லை. "இரண்டாவது அல்லது இளைய சகோதரர்" என்னும் சொற்களைக் கவனியுங்கள். மூத்த மகனுக்கே நிலம் முழுவதும் சேரும் முறையில், இளையவரின் கிளைக்கு உரிமை வரவேண்டுமானால் மூத்த கிளை அற்றுப்போயிருக்க வேண்டும். எனவே, ஓர் உரிமைக்கோரிக்கையில் பூட்டனார் எத்தனையாவது மகன் என்பது உயிர்நாடியான செய்தி. அதையே திட்டமாகச் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்றால், அவரிடம் பத்திரம் எதுவும் இருக்கவில்லை, வீட்டில் கேட்டு வளர்ந்த பேச்சுதான் இருந்தது என்றே நான் கருதுகிறேன். உங்கள் மருமகன் வீட்டுப் பேச்சைப் போலத்தான்.

அதற்காக உயிலைத் தள்ளிவிட வேண்டியதில்லை. அதில் பொன்னான பகுதி ஊர்ப்பெயர்களின் பட்டியல். குடும்பப் பெருமையைக் கற்பனை செய்பவர், கிராஸ்டன், மாட்ஸ்லி என்று சிற்றூர்ப் பெயர்களை அடுக்கிக்கொண்டிருக்க மாட்டார்.

தென்றல்வாணி எழுதியது:

ஐயா, ஒரு சிறு குறுக்கீடு. உயிலை மட்டும் வைத்துக்கொண்டு ஏன் பேச வேண்டும்? பிளிமத் குடியேற்றத்தின் செயலரான நத்தானியல் மார்ட்டன் 1669-இல் அச்சிட்ட வரலாற்றில், ஸ்டாண்டிஷ் இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள லங்காஷயரில் பிறந்த கண்ணியவான் என்றும், பெரும் நிலவுடைமைக்கு வாரிசாக இருந்தும் அது அவரிடமிருந்து கள்ளத்தனமாகத் தடுத்து வைக்கப்பட்டது என்றும் எழுதியிருக்கிறாரே? இளமையில் நெதர்லாந்துக்குச் சென்று அங்கே படைவீரராக இருந்ததையும், பின்னாளில் மேஃப்ளவரில் புறப்பட்டவர்களின் திருச்சபையான லெய்டன் நகர ஆங்கிலத் திருச்சபையினரோடு பழக்கமானதையும், முதுமையில் கல்லடைப்பால் கடுமையாக வருந்தி இறந்ததையும் அவரே குறிப்பிடுகிறார். ஸ்டாண்டிஷை நேரில் அறிந்தவர் அவர். உயிலும் மார்ட்டனும் ஒன்றையே சொல்லும்போது, அவை இரண்டு சாட்சிகள் அல்லவா?

பழையஏடு எழுதியது:

நல்ல கேள்வி அம்மா. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். "கள்ளத்தனமாகத் தடுத்து வைக்கப்பட்ட", "பூட்டனார் இரண்டாவது அல்லது இளைய சகோதரர்" என்று, கருத்து மட்டுமன்றிச் சொற்களும் அப்படியே இருக்கின்றன. மார்ட்டன் பல்லாண்டுகள் குடியேற்றத்தின் செயலராக இருந்தவர்; குடியேற்றத்தின் ஆவணங்கள் அவர் கையில்தான் இருந்தன. உயிலை அவர் கண்ணால் பார்த்தே எழுதியிருக்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒரே சாட்சி இரண்டு கூண்டுகளில் ஏறி நிற்பதால் சாட்சி இரண்டாகிவிடாது.

மார்ட்டன் தாமாகச் சேர்த்தவற்றுள் நமக்கு இங்கே முக்கியமானவை இரண்டே: "லங்காஷயரில் பிறந்தவர்" என்பதும், நெதர்லாந்துப் படைப்பணியும். படைப்பணியை ஏற்பதில் தடையில்லை. பிறப்பிடம் அவருக்கே தெரிந்திருந்ததா, உயிலில் உள்ள ஊர்கள் லங்காஷயரைச் சேர்ந்தவை என்பதால் அப்படிக் கொண்டாரா என்பதுதான் இந்த வழக்கு முழுவதற்கும் அச்சாணி.

அலைகடல் எழுதியது:

சோர்லி ஊர்ப் பதிவேட்டின் கதையை இன்னும் யாரும் எடுக்கவில்லையே! 1846-இல் அமெரிக்காவிலிருந்த ஸ்டாண்டிஷ் வழியினர் ஒன்றுகூடி, இழந்த சொத்தைத் தேடுவதற்காக ஒரு முகவரை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அவர் சோர்லி ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டியபோது, முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகள் படிக்கும்படி இருக்க, ஸ்டாண்டிஷ் பிறந்ததாகக் கருதப்பட்ட 1584-ஐ ஒட்டிய பக்கம் மட்டும் எழுத்து அழிந்து கிடந்ததாம். சொத்தை வைத்திருந்தவர்கள் வேண்டுமென்றே அதைத் தேய்த்து அழித்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. உயிலில் உள்ள "கள்ளத்தனமாக" என்னும் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான சான்று என்ன வேண்டும்?

நுண்ணோக்கி எழுதியது:

அலைகடல் நண்பருக்கு. கேட்பதற்குச் சுவையான கதை. ஆனால் வாதம் வட்டமடிக்கிறது. 1584 என்ற ஆண்டே உறுதியானது அன்று. அந்த ஆண்டை எதிர்பார்த்துத் தேடினார்கள், அங்கே பெயர் கிடைக்கவில்லை, ஆகவே அங்கே இருந்த பெயரைத்தான் யாரோ அழித்திருக்க வேண்டும் என்கிறார்கள். இல்லாத பெயரே இருந்ததற்குச் சான்றாகிவிடுகிறது. கல்லும் ஈரமும் நிறைந்த ஆலயத்தில் ஏறக்குறைய 260 ஆண்டுகள் கிடந்த ஏட்டில் ஒரு பக்கம் மங்குவதற்குச் சதி தேவையில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. அந்த முகவர் ஏன் சோர்லிக்குப் போனார்? அதன் அருகில் டக்ஸ்பரி என்னும் மாளிகையில் ஸ்டாண்டிஷ் குடும்பத்தின் இன்னொரு கிளை வாழ்ந்தது. அமெரிக்காவில் நம் படைத்தலைவர் குடியேறிய ஊருக்கும் டக்ஸ்பரி என்றே பெயர். பெயர் பொருந்தியதும் கால்கள் அங்கே சென்றுவிட்டன. ஆனால், கொடிவழி ஐயா மேலே தந்துள்ள ஊர்ப் பட்டியலை மறுபடியும் பாருங்கள்: அதில் சோர்லியும் இல்லை, டக்ஸ்பரியும் இல்லை. உயிலின் சொல்லை நிலைநாட்டப் புறப்பட்டவர்கள், உயில் சொல்லாத ஊரில் போய்த் தேடியிருக்கிறார்கள்.

கொடிவழி எழுதியது:

நுண்ணோக்கி ஐயாவுக்கு மிக்க நன்றி. இத்தனை முறை படித்தும் அந்தப் பட்டியலில் டக்ஸ்பரி இல்லை என்பது என் கண்ணில் படவில்லை, வெட்கமாக இருக்கிறது. அப்படியானால், பட்டியலில் உள்ள நிலங்கள் யாருடையவை? லங்காஷயரின் ஊர்களோடு, ஐரியக் கடலின் நடுவே இருக்கும் மேன் தீவு எப்படி வந்து சேர்ந்தது?

நுண்ணோக்கி எழுதியது:

இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஆகவே சற்று நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லங்காஷயரின் காப்புல் ஊரில் ஆலய குருவாக இருந்த டி. சி. போர்டியஸ் என்பவர், பதிவேட்டை விட்டுவிட்டு நிலப் பத்திரங்களைக் கையில் எடுத்தார். மனிதர்கள் பிறந்ததும் இறந்ததும் பதியப்படாமல் போகலாம். நிலம் கைமாறியது பதியப்படாமல் போவது அரிது. உயிலில் உள்ள நிலங்கள், ஸ்டாண்டிஷ் ஊர்க் குடும்பத்திலிருந்து பிரிந்து ஆம்ஸ்கர்க்கில் வாழ்ந்த ஒரு கிளைக்கு உரியவை என்பதையும், அந்தக் கிளைக்கு மேன் தீவில் உறவினர் இருந்ததையும் அவர் எடுத்துக்காட்டினார். அதாவது, ஊர்ப் பட்டியல் சரியானது. ஆனால் அது காட்டும் திசை டக்ஸ்பரி மாளிகை அன்று.

மேன் தீவு ஏன் என்பதற்கு வருகிறேன். 1405-இல் அத்தீவு ஸ்டான்லி குடும்பத்துக்கு வழங்கப்பட்டது. பின்னாளில் டெர்பி பிரபுக்களான அவர்களே பல தலைமுறைகள் அதை ஆண்டார்கள். அவர்களுடைய தலைமை இல்லமான லேதம், ஆம்ஸ்கர்க்குக்கும் பர்ஸ்கோவுக்கும் அண்டையில் இருந்தது. ஆம்ஸ்கர்க் ஆலயத்திலேயே அக்குடும்பத்தின் கல்லறைக் கூடம் இருக்கிறது. ஆகவே, ஆம்ஸ்கர்க் பகுதியின் இளைய மகன் ஒருவன், பிரபுவின் பணியாளாகவோ படைவீரனாகவோ தீவுக்குச் சென்று அங்கேயே நிலைத்துவிடுவது அக்காலத்தில் இயல்பாக நடக்கக்கூடியது. வரைபடத்தில் கடல் பிரித்துக் காட்டும் இரண்டு இடங்களும் ஒரே எசமானின் கீழ் இருந்தன.

1980-களில் மேன் தீவு வரலாற்றாசிரியர் ஜி. வி. சி. யங் இந்த இழையைப் பிடித்துக்கொண்டு, ஸ்டாண்டிஷ் பிறந்ததே மேன் தீவில்தான் என்று வாதிட்டார். லங்காஷயர்க்காரர்கள் அதை ஏற்கவில்லை. மார்ட்டனின் ஒற்றைச் சொல்லைக் காட்டுகிறார்கள். என் எண்ணத்தைக் கேட்டால், ஆம்ஸ்கர்க் கிளையிலிருந்து வந்தவர் என்பது வலுவாக நிற்கிறது; பிறந்த தொட்டில் கடலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது நிலைநாட்டப்படவில்லை. மேன் தீவின் ஆலயப் பதிவேடுகள் பெரும்பாலும் 17-ஆம் நூற்றாண்டில்தான் தொடங்குகின்றன. இங்கிலாந்திலோ 1538-இலேயே பதிவேடு வைக்குமாறு ஆணை பிறந்துவிட்டது. எனவே, அவர் தீவில் பிறந்திருந்தால் ஞானஸ்நானப் பதிவு கிடைக்காததில் வியப்பில்லை. ஆனால், கிடைக்காததையே தீவுக்குச் சான்றாக்கினால், சற்று முன் அலைகடல் நண்பரிடம் நான் சுட்டிய குறை எனக்கும் பொருந்திவிடும்.

அலைகடல் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். இக்காலத்தில் மரபணுச் சோதனையால் இதைத் தீர்க்க முடியாதா? தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் ஒய் குரோமோசோம் ஒன்று போதாதா?

நுண்ணோக்கி எழுதியது:

அதற்கு இரண்டு பக்கமும் ஆண்வழி அறாமல் வந்த ஒருவர் வேண்டும். இங்கிலாந்துப் பக்கத்தில் அவருடைய வழியும் பத்திரங்களால் நிலைநாட்டப்பட்டிருக்க வேண்டும். அப்படிப் பொருந்தினாலும், இருவரும் ஒரே மூதாதையின் வழி என்று மட்டுமே சோதனை சொல்லும். ஆம்ஸ்கர்க் கிளையும் மேன் தீவுக் கிளையும் ஒரே மரத்தில் பிரிந்தவை ஆகையால், எந்தக் கிளை என்பதை எளிதில் பிரித்துக் காட்டாது. பிறந்த ஊரின் பெயர் இரத்தத்தில் எழுதப்படுவதில்லை.

தென்றல்வாணி எழுதியது:

முன்னோர் பக்கத்தில் இவ்வளவு இருள் இருந்தாலும், பின்னோர் பக்கம் வியக்கத்தக்க அளவு தெளிவாக இருக்கிறது. கொடிவழி ஐயாவுக்கு அந்தப் பக்கம்தானே முதலில் வேண்டும்?

முதல் மனைவி ரோஸ், கப்பல் வந்த முதல் குளிர்காலத்திலேயே, ஜனவரி 29 அன்று இறந்தார். வந்திறங்கிய 102 பேரில் பாதிப்பேரைக் கொண்டுபோன குளிர்காலம் அது. நடமாடக்கூடிய ஆறேழு பேரில் ஒருவராக இருந்து, நோயாளிகளுக்கு உணவு சமைத்து, படுக்கை விரித்து, அழுக்குத் துணி துவைத்தவர் இந்தப் படைத்தலைவர் என்று ஆளுநர் பிராட்ஃபோர்டு நன்றியோடு எழுதியிருக்கிறார். 1623-இல், அருகிலிருந்த இன்னோர் ஆங்கிலக் குடியேற்றமான வெசகசெட்டில் பெக்சுவட், விட்டுவாமட் ஆகிய மாசசூசெட் இனத்தவரை ஓர் அறைக்குள் வைத்துக் கொன்றவரும் இவரேதான். கொல்வதற்கு முன் சிலரையாவது மனம் திருப்பியிருக்கக் கூடாதா என்று லெய்டனிலிருந்து அவர்கள் திருச்சபையின் போதகர் ராபின்சன் வருந்தி எழுதினார். பேரக்குழந்தைகளுக்குப் படம் வரைபவர் இரண்டையும் எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இரண்டாம் மனைவி பார்பரா 1623-இல் ஆன் என்னும் கப்பலில் வந்தார். 1627 மே மாதம் குடியேற்றத்தின் கால்நடைகளைப் பங்கிட்டபோது எழுதிய பட்டியலில், மூன்றாவது குழுவில் ஸ்டாண்டிஷ், பார்பரா, சார்லஸ், அலெக்சாண்டர், ஜான் என்று வரிசையாகப் பெயர்கள் இருக்கின்றன. குழுவுக்கு 13 பேர், ஆளுக்கு ஒரு பங்கு. அந்த 13 பேருக்கும் சேர்த்து ஒரு சிவப்புப் பசுவும் இரண்டு பெண் ஆடுகளும் கிடைத்தன. அந்தப் பசுவில் ஆறு பங்குகளை அதே குழுவிலிருந்த எட்வர்டு வின்ஸ்லோ 5 பவுண்டு 10 ஷில்லிங் மதிப்புள்ள தானியத்துக்கும், இரண்டு பங்குகளை ஆபிரகாம் பியர்ஸ் இரண்டு பெண் ஆட்டுக்குட்டிகளுக்கும் ஸ்டாண்டிஷுக்கே விற்றிருக்கிறார்கள். மாட்டுக் கணக்கு எழுதியவர்களுக்குத் தாங்கள் குடும்ப வரலாறும் எழுதுகிறோம் என்பது தெரிந்திருக்காது.

பழையஏடு எழுதியது:

அருமை அம்மா. அந்தப் பட்டியலையும் உயிலையும் சேர்த்துப் படித்தால் ஒரு சாவு தெரியவரும். 1627-இல் பிள்ளைகளில் முதலில் நிற்பவன் சார்லஸ். 1656-இல் வாரிசு என்று குறிக்கப்படுபவர் அலெக்சாண்டர். ஆனால் இளைய மகன்களின் வரிசையில் ஒரு சார்லஸ் மறுபடியும் இருக்கிறான். மூத்த மகன் உயிரோடிருந்தால் நிலம் அவனுக்கே போயிருக்கும். ஆகவே, முதல் சார்லஸ் இடையில் இறந்தான், பின்னால் பிறந்தவனுக்கு அதே பெயரை வைத்தார்கள் என்பதே பொருத்தமான முடிவு. இருவரையும் ஒருவராக்கிவிடும் படங்கள் இணையத்தில் ஏராளம். கொடிவழி ஐயா தம் படத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

உயிலின் இன்னொரு வரியும் பயன்பட்டிருக்கிறது. தம்மைத் தம் மகள் லோராவுக்கும் மருமகள் மேரிக்கும் அருகில் அடக்கம் செய்ய வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். அமெரிக்க டக்ஸ்பரியின் பழைய இடுகாட்டில், பிரமிடு வடிவக் கற்கள் இரண்டுக்கு நடுவே அவர் கிடப்பதாக வழங்கிவந்த பேச்சைச் சோதிப்பதற்காக 1889-இலும் 1891-இலும் அந்த இடத்தைத் தோண்டினார்கள்; ஆணின் எலும்புகளுக்கு அருகே இளம்பெண்கள் இருவரின் எலும்புகள் இருந்ததை உயிலோடு பொருத்திப் பார்த்தே முடிவுக்கு வந்தார்கள். லோரா தன் பெயரை நூலால் எழுதிய பூத்தையல் துணி, பிளிமத்தின் பில்கிரிம் ஹால் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. அதில் பெயரின் எழுத்துக்கூட்டல் ஒன்று. உயிலில் வேறு எழுத்து. பழைய ஆவணங்களில் தேடுபவர்கள் ஓர் எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது.

கொடிவழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மருமகன் பக்கத்தை நிலைநாட்ட எங்கிருந்து தொடங்குவது? அலெக்சாண்டர், மேஃப்ளவரில் வந்த ஜான் ஆல்டனின் மகள் சாராவை மணந்தார் என்பது வரை என்னிடம் இருக்கிறது.

தென்றல்வாணி எழுதியது:

மேலிருந்து இறங்காதீர்கள் ஐயா, கீழிருந்து ஏறுங்கள். மருமகனின் பிறப்புச் சான்றிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு தலைமுறைக்கும் இவருக்கு இவர் பிள்ளை என்று காட்டும் ஆவணம் ஒன்றாவது இருக்க வேண்டும். மாசசூசெட்சில் 1841 முதல் மாநில அளவில் பதிவுகள் உண்டு. அதற்கு முன் ஊர்ப் பதிவேடுகள். பெரும்பாலான ஊர்களுக்கு 1850 வரையிலானவை அச்சிலேயே வந்துள்ளன. இடைவெளி விழும் இடங்களில் உயில்களும் நிலப் பத்திரங்களும் கைகொடுக்கும்; பிளிமத் மாவட்டம் 1685-இல் அமைந்ததிலிருந்து அவை இருக்கின்றன. மேல்பக்கத்தில், 1897-இல் தொடங்கிய மேஃப்ளவர் வழித்தோன்றல் சங்கம் முதல் ஐந்து தலைமுறைகளையும் சான்றுகளோடு தொகுத்து வெளியிட்டிருக்கிறது; ஸ்டாண்டிஷுக்கு உரியது 14-ஆம் தொகுதி. உங்கள் ஏணி அந்தத் தொகுதியில் உள்ள ஒரு பெயரைத் தொட்டுவிட்டால் வேலை முடிந்தது. பெரும்பாலும் இடறுவது 1780-க்கும் 1850-க்கும் இடையில்தான். மக்கள் மேற்கே இடம்பெயர்ந்த காலம் அது.

கொடிவழி எழுதியது:

நேற்றிரவு பழைய படத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். மைல்ஸ் ஸ்டாண்டிஷுக்கு மேல் உள்ள பெட்டிகள் மூன்றையும் வெறுமையாக விட்டு, பக்கத்தில் "ஆம்ஸ்கர்க் கிளை, அவருடைய சொந்தக் கூற்றும் நிலப் பத்திரங்களும் காட்டுவது" என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன். சார்லஸ் இருவர் ஆகிவிட்டார்கள். உயில் எழுதிய நாள் மார்ச் 7, 1655. இறந்த நாள் அக்டோபர் 3, 1656. இடையில் ஒன்றரை ஆண்டு நோயில் கிடந்திருக்கிறார், பாவம்.

நுண்ணோக்கி எழுதியது:

ஐயா, அந்த ஒன்றரை ஆண்டை மட்டும் திருத்திவிடுங்கள். அன்றைய ஆங்கில வழக்கில் ஆண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. ஆகவே, 1655 மார்ச் 7 என்பது நம் கணக்கில் 1656 மார்ச் 7. உயிலுக்கும் இறப்புக்கும் இடையில் ஏழு மாதங்கள்கூட இல்லை. ரோஸ் இறந்த ஜனவரியும் அப்படியே, பழைய கணக்கில் 1620, நம் கணக்கில் 1621. இரண்டு இடங்களிலும் சாய்கோடு போட்டு 1655/56, 1620/21 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கொடிவழி எழுதியது:

திருத்திவிட்டேன். நல்லவேளை, மையால் எழுதவில்லை.